விளைந்த கல், வந்த கல்

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் சுண்ணாம்பு இரண்டு விதம். ஒன்று, பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கிற வெள்ளைப் பாறை. உடைத்த முகம் வெயிலில் கற்கண்டு மாதிரி மினுங்கும். இன்னொன்று கரிசலுக்கு அடியில் கிடக்கிற சுக்கான் கல். அழுக்கு வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாக இருக்கும். கிணறு வெட்டுகிறவர்களைத் தவிர யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவர்களும் திட்டிக்கொண்டுதான் வெட்டுவார்கள். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் இரண்டும் நுரைக்கும். பள்ளிக்கூட வேதியியலில் இரண்டுக்கும் கால்சியம் கார்பனேட் என்று ஒரே பெயர்தான்.

முதல் கல் ஒரு கடலடியில் படிந்தது. பிறகு கண்டங்கள் மோதின. அந்தப் படிவு பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய் வெந்து, பளிங்காக உருமாறி, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய தோற்றத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது கல்லை மழைத்தண்ணீரும் வேரும் சேர்ந்து மண்ணுக்குள்ளேயே செய்தன. பளிங்கோடு ஒப்பிட்டால் அது நேற்றைய சரக்கு. இரண்டையும் பொடித்து ஒரே கருவியில் அளப்பது என் தொழில். படித்ததும் வேலை பார்த்ததும் வெளியூரில். ஆனால் பிறந்த மண்ணை அளக்கிற ஆசை யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊர் மண் அளப்பவரைச் சுலபத்தில் விடாது என்று.

அளப்பது எதை? கார்பன் அணுக்கள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதில்லை. நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்று அதிகம் கார்பன்-13. மீதி ஏறத்தாழ முழுவதும் கார்பன்-12. ஆக்சிஜனிலும் அப்படியே, ஆயிரத்தில் இரண்டு அணு கனமான ஆக்சிஜன்-18. செடி காற்றை உறிஞ்சும்போதும், தண்ணீர் ஆவியாகும்போதும், தண்ணீரிலிருந்து கல் படியும்போதும் இந்தக் கனம், இலேசு விகிதம் மிகச் சிறிதளவு மாறும். அந்த மாற்றம் கல்லில் தங்கிவிடும். 1947இல் ஹெரால்டு யூரே இதைக் கணக்குப் போட்டு, கடல் ஓட்டின் ஆக்சிஜனைக் கொண்டு அந்தக் கடலின் வெப்பத்தைச் சொல்லலாம் என்றார். 1951இல் அவருடைய சிகாகோ குழு ஒரு ஜுராசிக் காலப் பெலம்னைட்டை வளையம் வளையமாகச் சுரண்டி, அந்தக் கணவாய் இனப் பிராணி சுமார் நான்கு ஆண்டு வாழ்ந்தது என்றும், அதன் கோடை எது குளிர்காலம் எது என்றும் காட்டியது. இந்தத் துறையில் நுழைகிற எல்லோரையும் மயக்கிய கட்டுரை அது.

விகிதத்தை நேராகச் சொல்லமாட்டோம். ஒரு தரக்கல்லோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று சொல்வோம். முதல் தரக்கல் தென் கரோலினாவின் பீ டீ படிவத்திலிருந்து எடுத்த ஒரு பெலம்னைட். அதை அளந்து அளந்தே தீர்த்துவிட்டார்கள். பிறகு என்பிஎஸ்-19 என்ற வெள்ளைப் பளிங்குப் பொடி வந்தது. ஆய்வகங்களில் அதற்கு 'டாய்லெட் சீட்' சுண்ணாம்பு என்று பட்டப்பெயர். அதன் கார்பன் மதிப்பு பிளஸ் 1.95, ஆக்சிஜன் மைனஸ் 2.20. உலகத்துப் பழைய கடல்களையும் பழைய மழைகளையும் பல ஆண்டுகள் இந்தப் பொடியோடு ஒப்பிட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் தீர்ந்து, இப்போது இத்தாலியின் கராரா பளிங்கிலிருந்து செய்த ஐஏஇஏ-603 புழக்கத்தில் இருக்கிறது.

கருவியைப் பார்க்க வருகிறவர்கள் அதன் விலையைக் கேட்டு வியந்துவிட்டுப் போவார்கள். அதன் வேலை எளிது. 0.2 மில்லிகிராம் பொடியைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை ஹீலியத்தால் விரட்டிவிட்டு, தண்ணீர் கலவாத பாஸ்பாரிக் அமிலத்தைச் சில சொட்டு விடுகிறோம். கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதை மின்னேற்றம் செய்து காந்தப்புலத்தில் வளைத்து, எடை 44, 45, 46 என்று மூன்று கிண்ணங்களில் பிரித்துப் பிடிக்கும். சில மாதிரிகளுக்கு ஒரு தடவை தரக்கல் பொடியையும் நடுவில் வைக்க வேண்டும். தரக்கல் எண் நகர்ந்தால் அன்றைய ஓட்டம் முழுவதும் குப்பைக்கு. ஒரு ஆய்வகத்திலிருந்து எனக்கு ஒருமுறை அழகான அட்டவணை வந்தது. தரக்கல் வரிசையைக் காணோம். கேட்டதற்கு, "மாதிரி எண்ணிக்கை அதிகம், அதனால் விட்டுவிட்டோம்" என்றார்கள். பருத்தியை நிறுக்கிறபோது தராசைச் சோதிக்காமல் விட்டால் எங்கள் ஊரில் கைகலப்பாகிவிடும்.

சுக்கான் கல்லுக்கு வருகிறேன். என் ஆயுளில் பெரும்பங்கு அதற்குத்தான் போனது.

செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் வழி முக்கியமாக இரண்டு. மரங்கள், நெல், பருத்தி, உளுந்து, மல்லி எல்லாம் ஒரு வழி, சி3 என்போம். கம்பு, சோளம், குதிரைவாலி, வெப்பநாட்டுப் புற்களில் பெரும்பாலானவை இன்னொரு வழி, சி4. முதல் கூட்டத்தின் கார்பன் மதிப்பு மைனஸ் 27ஐ ஒட்டி இருக்கும். இரண்டாம் கூட்டம் மைனஸ் 12, 13. நடுவில் பெரிய இடைவெளி, குழப்பத்துக்கு இடமில்லை. வேர் மூச்சு விடுவதாலும் சருகு மட்குவதாலும் மண்ணுக்குள் நிறைகிற கார்பன் டை ஆக்சைடில் இந்த முத்திரை இருக்கும். அந்த வாயு மண்ணீரில் கரைந்து, நீர் வற்றும்போது சுக்கானாகப் படிந்தால், எண் ஏறத்தாழ 15 கூடிவிடும். ஆகவே முழுக்க மரமும் சி3 செடியும் நின்ற மண்ணின் சுக்கான் மைனஸ் 12 காட்டும். முழுக்க சி4 புல் நின்ற மண்ணில் அது பிளஸ் 2. நடுவில் எது வந்தாலும் கலப்பு. தூரே செர்லிங் 1980களில் இந்தக் கணக்கைச் செம்மைப்படுத்தினார். 1989இல் ஜே குவேடும் அவரும் பாகிஸ்தானின் சிவாலிக் படிவுகளில் இருந்த பழைய மண் சுண்ணாம்புகளை அளந்து, சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே மரக்காடு போய்ப் புல்வெளி வந்ததைக் காட்டினார்கள். மண்ணுக்குள் கிடக்கிற உருண்டைக் கல்லுக்கு அன்றிலிருந்து மரியாதை வந்தது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கல்லைப் பார்த்தவர்கள் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு தொடர்பில் வேலை செய்த நிக்கோலா துராந்தும் யானி குன்னெலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில், பழங்காலச் சிலிகேட் பாறைகள் மேல் படிந்த சுக்கானை ஆராய்ந்து 2006, 2007இல் எழுதினார்கள். சுண்ணாம்புப் பாறையே இல்லாத இடத்தில் இவ்வளவு சுண்ணாம்பு எப்படி என்பது அவர்கள் எடுத்த கேள்விகளில் ஒன்று. பாறையில் இருக்கும் பிளேஜியோகிளேஸ் முதலிய கனிமங்கள் சிதைந்து கால்சியத்தை விடுகின்றன. அதைக் கடலுக்குக் கொண்டுபோகிற அளவுக்கு மழை இல்லாவிட்டால் அது மண்ணிலேயே தங்கும். எங்கள் வட்டாரத்துத் திருச்சுழிப் பக்கமும் கீழே நைஸ் பாறைதான். ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். எங்கள் ஊரில் சுக்கான் விளையாவிட்டால்தான் ஆச்சரியம்.

கரிசல் மட்டும் குறுக்கே வராமல் இருந்தால் வேலை சுலபம். கோடையில் கரிசல் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேல்மண், சருகு, ஆட்டுப் புழுக்கை எல்லாம் வெடிப்புக்குள் விழும். மழை வந்ததும் களி ஊதி, வெடிப்பு மூடி, உள்ளே விழுந்தது உள்ளேயே அகப்படும். அடிமண் பக்கவாட்டில் நெருக்கி மேலே ஏறும். ஆழத்தில் வெட்டிப் பார்த்தால் மண்ணும் மண்ணும் உரசி வழவழவென்று பளபளக்கிற சாய்ந்த முகங்கள் தெரியும். இப்படித் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிற மண்ணில், மேலே கிடப்பது புதிது, கீழே கிடப்பது பழையது என்ற நம் பாடம் செல்லாது. நாக்பூர் தேசிய மண் ஆய்வு நிறுவனத்தில் டி.கே. பாலும் அவருடன் இருந்தவர்களும் இந்தியக் கரிசல்களைப் பற்றி இதைத்தான் சொன்னார்கள்: ஒரே குழியில் இரண்டு தலைமுறைச் சுக்கான் கிடக்கும். இரும்பும் மாங்கனீசும் பூசி, கறுத்துத் தேய்ந்தவை பழைய, ஈரம் கூடிய காலத்து எச்சம். வெள்ளையாக, ஓரம் சிதையாமல் இருப்பவை இன்றைய வறட்சியில் உண்டானவை. இரண்டையும் ஒரே பையில் போட்டு அரைத்தால் வருகிற சராசரி எண் எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லை.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பாதி வெட்டி விட்ட கிணற்றின் ஓரம் நாங்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது வயதான ஒருவர் வந்தார். வாலிபத்தில் கிணறு வெட்டியவர்.

"என்ன தாயி, கம்பெனிக்கு எடம் பாக்கவா வந்திருக்கீக?"

"இல்லய்யா, சுக்கான் பொறுக்க வந்தோம். படிப்புக்கு."

படிப்புக்கு என்றதும் முகத்தில் இறுக்கம் போய்விட்டது, நிலம் பிழைத்தது. உட்கார்ந்து என் பையிலிருந்ததைத் தரையில் கொட்டி, கேட்காமலே இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்தார். "இது மண்ணுல வெளஞ்ச கல்லு தாயி. இது தண்ணி கொண்டாந்து போட்ட கல்லு." எப்படித் தெரியும் என்று கேட்டேன். விளைந்த கல்லைக் கையில் எடுத்து ஆட்காட்டி விரலால் தடவிக் காட்டினார்: மேலெல்லாம் சொரசொரவென்று, மண் விட்டுப் பிரியாமல் ஒட்டியிருந்தது, நடுவில் ஊசி நுழைகிற மாதிரி வேர் போன துளை. வந்த கல் வழவழப்பாக இருந்தது, மண் ஒட்டவில்லை. அதன் பிறகு நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதும் இந்தத் தடவலில் இருந்துதான் தொடங்கும். நுண்ணோக்கி பிறகு வரும்.

பொறுக்கிய கல்லை ரம்பத்தால் குறுக்கே அறுத்து மெருகேற்றினால் உள்ளே இன்னொரு உலகம். நடுவில் மங்கலான, மணி தெரியாத வெண்மை. முதலில் படிந்தது அது. அதைக் குறுக்கே கிழித்துக்கொண்டு கண்ணாடிக் கீற்றுகள் போகும். கல் உலர்ந்து வெடித்த பிறகு, என்றைக்கோ வந்த வேறொரு நீர் அந்த வெடிப்பில் நிரப்பிய படிகம் அவை. பல் மருத்துவர்கள் பயன்படுத்துகிற துளைமுனையை மெதுவாகச் சுழலவிட்டு, மங்கலான இடத்தில் மட்டும் தோண்டி, பொடியை வெண்ணிறத் தாளில் ஏந்தவேண்டும். வேகம் கூடினால் பொடி சூடாகி ஆக்சிஜன் எண் கெடும். கண்ணாடிக் கீற்றைத் தொட்டுவிட்டால் அந்தப் பொடியைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் தோண்டுவோம்.

வேறு ஊர்க் கரிசலுக்கு இது போதும். பந்தல்குடிப் பக்கத்துக்குப் போதாது. அங்கே முதலில் சொன்ன பளிங்கு தரையிலேயே தலைநீட்டுகிறது. மழை அதன் மணிகளைக் கழுவி ஓடையில் விட, ஓடை அவற்றைக் கரிசலில் பரப்பிவிடும். மண்ணுக்குள் சுக்கான் வளரும்போது அந்த மணிகளையும் சேர்த்து விழுங்கிக்கொள்ளும். கடல் சுண்ணாம்பின் கார்பன் மதிப்பு பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டி இருக்கும். புல்வெளிச் சுக்கானின் மதிப்பும் பூச்சியத்துக்குச் சற்று மேலேதான். ஆகவே எண் பூச்சியம் வந்தால் அது கம்பங்காடு மாதிரியான பழைய புல்வெளியாகவும் இருக்கலாம்; கண்ணுக்குத் தெரியாமல் புகுந்த பளிங்குத் தூளாகவும் இருக்கலாம். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும்: பளிங்கு மணியில் இரட்டைப் படிகக் கோடுகள் வரிவரியாக ஓடும், மண்ணில் விளைந்ததில் அப்படி இருக்காது. இந்த வட்டாரத்திலிருந்து வரும் எந்தக் கார்பன் எண்ணையும், அந்தச் சீவலின் படம் கூடவே இல்லாவிட்டால், நான் நம்புவதில்லை. கறாராகப் பேசுகிறேன் என்று என்மேல் குறை உண்டு. இருக்கட்டும்.

அந்தப் பளிங்கையே கேட்டால் என்ன சொல்லும்? கொஞ்சம்தான். மதுரைப் பாறைத்தொகுதி பூமியின் மிகச் சூடான உருமாற்றத்தைக் கண்ட நிலங்களில் ஒன்று. பக்கத்து ராஜபாளையத்தில் சஃபிரின் என்ற கனிமம் உள்ள பாறைகள் 900 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெந்தவை. கோண்ட்வானாக் கண்டம் ஒட்டிய காலம், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்தச் சூட்டில் சுண்ணாம்பும் மணலும் கலந்த இடத்தில் வொல்லாஸ்டனைட் என்ற கனிமம் உண்டாகி, கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். வெளியேறுகிற வாயு கனமான அணுக்களைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு போகும். மிஞ்சுகிற கல்லின் எண் கீழே இறங்கும். பாறைக்குள் புகுந்த வெந்நீர் ஆக்சிஜனை இன்னும் மோசமாகக் கெடுத்திருக்கும். ஆகையால் பச்சை மணி, கறுப்புக் கோடு ஒன்றும் இல்லாத தூய வெள்ளைப் பகுதியை மட்டும் எடுக்கிறோம். அதிலும் ஆக்சிஜனை ஒதுக்கிவிட்டுக் கார்பனையும் ஸ்ட்ரான்சியத்தையும் மட்டும் கேட்கிறோம். கடல்நீரின் ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் இன்று 0.7092, காலத்துக்குக் காலம் அது மாறியிருக்கிறது. கெடாத சுண்ணாம்பில் அந்தக் காலத்து விகிதம் தங்கியிருந்தால், உலக வரைகோட்டில் எங்கே பொருந்துகிறது என்று தேடலாம். நிகாட்டா பல்கலைக்கழகத்து எம். சதீஷ்குமாரும் அவருடைய குழுவும் 2013இல் அண்டார்க்டிகாவின் சோர் ரோண்டேன் மலைப் பளிங்குகளுக்கு இப்படித்தான் படிந்த காலத்தை மதிப்பிட்டார்கள். கோண்ட்வானாவில் அண்டார்க்டிகா நமக்குத் தூரத்து நாடல்ல.

கிராஃபைட் செதில் உள்ள பளிங்கு கிடைத்தால் இன்னொரு வேலையும் ஆகும். சிவகங்கையில் டாமின் நிறுவனம் எடுக்கிற அதே கிராஃபைட்தான். கல்லின் கார்பனுக்கும் செதிலின் கார்பனுக்கும் உள்ள வேறுபாடு, வெப்பம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும். அதை வைத்து எவ்வளவு வெந்தது என்று கணக்கிடலாம். கடலைத் தேடிப் போய் அடுப்பின் சூட்டைக் கண்டுபிடித்து வருவது என்று நாங்கள் கேலி செய்வதுண்டு.

திருச்சுழிக் கோயில் தலபுராணம் பிரளயத்தைப் பற்றிப் பேசுகிறது. எந்தப் பள்ளியில் பேசப் போனாலும், "அம்மா, அந்தக் கடல்தானே இது?" என்று ஒருவர் எழுந்து கேட்பார், பெரும்பாலும் ஆசிரியரே. புராணத்துக்கு என் கருவியின் சாட்சி தேவையில்லை என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

பழைய மழையைப் பற்றி ஆக்சிஜன் சொல்வதாக நிறைய எழுதப்படுகிறது. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவ மழை, தென்மேற்குப் பருவ மழையைவிட இலேசானது. ஆனால் சுக்கான் படிவது மழை நின்று மண் காய்கிறபோது. அதற்குள் வெயில் இலேசான நீரை ஆவியாக்கி, மிச்சத்தைக் கனமாக்கிவிடும். எந்தப் பருவம், எவ்வளவு ஆவி, எவ்வளவு சூடு என்று மூன்று கேள்விக்கு ஒரே எண் பதிலாக வந்தால் என்ன செய்வது? இதில் ஒரு கேள்வியைத் தனியாகப் பிரித்தெடுக்க வழி பிறந்தது 2006இல். பிரசேன்ஜித் கோஷும் கால்டெக்கில் ஜான் ஐலரின் குழுவினரும், கார்பன்-13உம் ஆக்சிஜன்-18உம் ஒரே மூலக்கூறில் ஜோடி சேர்வது சூட்டைப் பொறுத்தது, நீரின் மதிப்பு தெரிந்திருக்கத் தேவையில்லை என்று காட்டினார்கள். கோஷ் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்துவிட்டார். இந்த அளவைக்குக் கூடுதல் பொடியும் நீண்ட நேரமும் வேண்டும். ஆனால் கரிசல் சுக்கானுக்கு இதைவிடப் பொருத்தமான அளவை எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுப் பழைய மழைக்கு நம்பகமான சாட்சி மலைமேல்தான் முதலில் கிடைத்தது. 1993இல் ரா. சுகுமாரும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்து ரெங்கசாமி ரமேஷும் மற்றவர்களும் நீலகிரிச் சதுப்பின் கரிமண்ணை அளந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். சி3, சி4 கணக்குதான் அங்கும். 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை வறண்ட காலம் ஒன்று இருந்ததாக அது காட்டியது. சதுப்பு அடுக்கடுக்காகப் படியும், புரண்டு படுக்காது. சமவெளிக் கரிசலிலிருந்து அவ்வளவு ஒழுங்கான வரிசையை எதிர்பார்ப்பது பேராசை. எங்கள் வட்டாரத்துச் சுக்கான், ஒரு காலத்தில் இங்கே புல் மிகுதியா, மரம் மிகுதியா என்ற அளவுக்குச் சொன்னால் போதும்.

வெட்டுமுகங்கள் கிடைப்பதும் குறைந்துவிட்டது. கிணறு வெட்டுவது நின்று எல்லாம் ஆழ்துளை. அதிலிருந்து வருகிற தூளில் எந்தக் கல் எந்த ஆழம் என்று தெரியாது. கண்மாய் தூர்வாருகிறபோதும் சாலைக்குக் கரை வெட்டுகிறபோதும் ஜேசிபி ஓட்டுகிற தம்பிகளைக் கெஞ்சி, ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லி எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது என்னை உறுத்துவது சீமைக்கருவேலம். அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரை தரிசெல்லாம் அதுதான். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் அதை நம்பியே இருக்கின்றன. புல்லும் கம்பும் சோளமும் நின்ற காட்டில் ஆழமாக வேர்விட்ட சி3 மரம். அதன் வேர் மூச்சு மைனஸ் 27 முத்திரையோடு கரிசலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த மண்ணில் இன்று படிகிற சுக்கானை ஒருவர் நெடுங்காலம் கழித்து அளந்தால், எண் கீழே போயிருக்கும். புல் குறைந்து மரம் மிகுந்தது, ஆகவே மழை கூடியது என்று அவர் எழுதக்கூடும். மழை கூடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பழைய சுக்கானில் எண் இறங்கியிருந்தால் அதற்கும் மழைதான் காரணமா, இப்படி ஒரு செடி வந்து பரவியதா, மாடு மேய்ந்து புல்லைத் தீர்த்ததா என்று இப்போதெல்லாம் கேட்காமல் விடுவதில்லை. அதற்காகவே அந்தந்த மண்ணில் தங்கியிருக்கும் செடிகளின் சிலிக்கா நுண்துகள்களையும் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். புல்லின் துகள் ஒரு வடிவம், மரத்தின் துகள் வேறு வடிவம். கரிசல் அவற்றையும் புரட்டிப் போடும் என்பதால், சுக்கானை உடைத்து அதற்குள் அகப்பட்டவற்றை மட்டும் எடுக்கிறோம்.